வெசிக்கிளுக்குள்ள அசிட்டைல்கோலின் எப்படி ஏறுது?

தண்டையார்பேட்டை டியூஷன்:
பிளஸ் ஒன் பசங்க கேக்குறாங்க. வெசிக்கிள்னா நரம்பு முனையில இருக்குற குட்டிப் பை, அசிட்டைல்கோலின்னா அதுக்குள்ள இருக்குற சேதி கடத்துற வேதிப்பொருள். வெசிக்கிளுக்குள்ள அசிட்டைல்கோலின் செறிவு வெளிய இருக்குறதைவிடப் பல மடங்கு அதிகம். அப்புறம் எது உள்ள தள்ளுது? செல்லுக்கு ஆற்றல் தர்ற ஏடிபி நேரா தள்ளுதுன்னு சொல்லலாமா?

ராயபுரம் பிசியாலஜி:
நேரா இல்லீங்க. வெசிக்கிள் சுவர்ல இருக்குற வி-ஏடிபேஸ்ங்குற பம்பு ஏடிபியை உடைச்சு புரோட்டானை (ஹைட்ரஜன் அயனி) உள்ள ஏத்தும். உள்ள அமிலத்தன்மை கூடி பிஎச் 5.5 பக்கம் இறங்கிடும், வெளிய 7.2. உள்ள நெருக்குற புரோட்டான் வெளிய வரப் பாக்கும், அந்த விசைதான் தள்ளுது. கடத்திப் புரதம் 2 புரோட்டானை வெளிய விட்டு 1 அசிட்டைல்கோலினை உள்ள வாங்கும். 40 நானோமீட்டர் பைக்குள்ள சில ஆயிரம் மூலக்கூறு! குளூட்டமேட்டுங்குற இன்னொரு கடத்திப் பொருளுக்கு இதே கணக்கைப் போட்டுடாதீங்க, அங்க பிஎச்சைவிட சவ்வோட மின்னழுத்தம்தான் முக்கியம்.

வியாசை பார்மா:
எங்க கெடும்னு காட்டுங்க, சட்டுனு பிடிபடும். பாஃபிலோமைசின்ங்குற மருந்து போட்டா பம்பே நின்னுடும், எந்த சரக்கும் ஏறாது. வெசாமிக்கால்ங்குற இன்னொரு மருந்து அசிட்டைல்கோலின் கடத்திப் புரதத்தை மட்டும் அடைக்கும். சர்ப்பகந்தி வேர்ல கிடைக்கிற ரெசெர்பின் டோபமின், செரட்டோனின் வகையறா உள்ள ஏறுறதைத் தடுக்கும். அப்படி ஏறாம வெசிக்கிளுக்கு வெளிய, நரம்பு முனைக்குள்ளயே தங்கின டோபமின் வகையறாவை எம்ஏஓ (மோனோஅமைன் ஆக்சிடேஸ்) நொதி சிதைச்சிடும். காலி வெசிக்கிளும் நரம்பு செல் சவ்வோட இணையும், சரக்குதான் இருக்காது.

தண்டையார்பேட்டை டியூஷன்:
காசிமேட்டுலயே ஐஸ் போட்டு, கட்டி, லாரி ஏத்துற மீன் பெட்டி மாதிரின்னு சொல்லட்டுமா?

ராயபுரம் பிசியாலஜி:
அது நியூரோபெப்டைடுக்குத்தான் (சின்னப் புரதத் துண்டு மாதிரியான கடத்திகள்) பொருந்தும். செல் உடல்ல, கோல்கிங்குற உறுப்புல கட்டி, மைக்ரோடியூபுல்ங்குற தண்டவாளம் மாதிரியான இழை வழியா ஆக்ஸான் (நீள நரம்பிழை) முனைக்கு வரும். காலியானா அங்க மறுபடி நிரப்ப வழியில்ல. அசிட்டைல்கோலினுக்கு முனையிலயே அதே பெட்டி திரும்பத் திரும்ப நிரம்பும்.