பழைய வீட்டுக்குள் ஆன்லைன் வகுப்பு: சிக்னல், டேட்டா, விடைத்தாள்

கணக்கு மாணவி, கானாடுகாத்தான்
எம்.எஸ்சி. கணிதம். இந்தப் பருவத்தில் இரண்டு பாடம் ஆன்லைனுக்கு மாறிவிட்டது, தினம் நாலு மணி நேரம். போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப். எங்கள் பழைய செட்டிநாட்டு வீட்டில், உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டுக்குள் போனாலே குரல் விட்டுவிட்டு வருகிறது. என் கேமராவை அணைத்தும் 1.5 ஜிபி மதியத்துக்குள் காலி. இன்டர்னல் விடைத்தாளையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். வழி சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வயர்மேன்
தங்கச்சி, தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் இரும்பு உத்திரமும் சேர்ந்து சிக்னலைத் தின்றுவிடும். நீங்கள் உள்ளே உட்காருங்கள், போன் வெளியே இருக்கட்டும். வீட்டு நடுவே உள்ள வளவு முற்றத்துக்கு மேலே வானம்தான், அதனால் தூண் ஓரம் நல்ல இடம். நிழல் பக்கமாக வையுங்கள். வெயில் பட்டால் போன் சூடேறி வேகம் குறையும், சில போன் அணைந்தே போகும். ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 வேகமானதுதான், ஆனால் தடித்த சுவரை அவ்வளவாகத் தாண்டாது. பராமரிப்பு மின்தடை நாளில் காலை 9 மணிக்கு முன்பே போன், லேப்டாப் இரண்டையும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா
கேமராவை அணைத்தால் உங்களிடமிருந்து போகிற டேட்டாதான் மிச்சம். வருகிற வீடியோ ஓடிக்கொண்டேதான் இருக்கும். விநாடிக்கு 600 கிலோபிட் என்றால் மணிக்கு 270 எம்பி, நாலு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்கு மேல். செட்டிங்கில் உள்வரும் வீடியோவைக் குறைத்தோ நிறுத்தியோ வையுங்கள்.

மீதியைத் தின்பது பெரும்பாலும் லேப்டாப். ஹாட்ஸ்பாட் அதன் கண்ணுக்கு வைஃபைதான், விண்டோஸ் அப்டேட் தயங்காமல் இறங்கும். லேப்டாப் செட்டிங்கில் அந்த வைஃபை பெயரைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடும் இணைப்பு) போடுங்கள். 2021இல் தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்ததே, அதுவும் இதைச் செய்யாத லேப்டாப்பில் நிற்காது.

கணக்கு மாணவி, கானாடுகாத்தான்
நன்றி அண்ணே. ஆனால் சார் கரும்பலகையைத்தான் கேமராவில் காட்டுகிறார். வீடியோவைக் குறைத்தால் கீழ்க்குறி எழுத்து i-யா j-யா என்றே தெரிவதில்லை.

கணிதத் துறை, காரைக்குடி
கணிதத்துக்கு வீடியோவைக் குறைப்பது சரிப்படாதம்மா. மாற வேண்டியது ஆசிரியர் பக்கம். டேப்லெட்டில் எழுதி ஸ்கிரீன் ஷேர் செய்யச் சொல்லிக் கேளுங்கள். எழுதும் நேரம் தவிரத் திரை அசையாது என்பதால், எழுத்து கூர்மையாக வரும், டேட்டாவும் கேமராவைவிட மிகக் குறைவு. டேப்லெட் இல்லையென்றால் வெள்ளைத் தாளில் எழுதி, மேலிருந்து போன் கேமராவில் காட்டலாம். பலகையைவிட எவ்வளவோ தெளிவு. வகுப்பு முடிந்ததும் அந்தப் பக்கங்களை பிடிஎஃப்பாகக் கேட்டு வாங்குங்கள். இதைத் தயங்காமல் கேளுங்கள், ஒரு j தவறினால் முழு நிரூபணமும் போய்விடும்.

நீங்கள் எடுப்பது ஸ்வயம் (மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம்) பாடமென்றால், வகுப்பு ஆன்லைன் என்றாலும் இறுதித் தேர்வு மையத்தில்தான். ஊரைப் பார்த்துப் பதியுங்கள்.

விடைத்தாள்: ஒவ்வொரு பக்கத்திலும் பதிவெண், பக்க எண். தாளைத் தரையில் வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். விளக்கு தலைக்கு மேல் இருந்தால் உங்கள் நிழலே எழுத்தின் மேல் விழும். சாதாரணப் படமாக எடுத்தால் பக்கத்துக்கு 3 எம்பிக்கு மேல், 20 பக்கம் 60ஐத் தாண்டும், பாதியில் நிற்கும். ஸ்கேன் ஆப்பில் சாம்பல் நிறத்தில் எடுங்கள். கருப்பு வெள்ளையில் பென்சில் வரைபடம் மறைந்துவிடும். ஏற்றுமுன் பிடிஎஃப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள், பக்கம் தலைகீழாக இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.