சீலிங்குக்கு என்ன பெயின்ட் அடித்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி வாசி:

எங்கள் ஹாலில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். ஓரங்களில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் மறைத்து வைத்திருக்கிறோம். சுவருக்கு வாங்கிய ஷீன் எமல்ஷன் மிச்சம் இருந்ததால், "அதையே மேலயும் அடிச்சிடலாம் சார், பளபளன்னு ரிச்சா இருக்கும்" என்றார் கான்ட்ராக்டர். பகலில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஸ்ட்ரிப்பைப் போட்டதும் சீலிங் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு! ஆறடிக்கு நாலடி போர்டுகள் எங்கெங்கே சேர்கின்றனவோ அங்கெல்லாம் லேசான மேடு. தடவிப் பார்த்தால் கைக்குக்கூடச் சரியாகத் தட்டுப்படவில்லை, கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

கான்ட்ராக்டர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார், அது வேறு கதை. அடுத்து வந்த பெயின்டர் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். ஏணியில் ஏறி, செல்போன் டார்ச்சை சீலிங்கோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்துப் பிடித்தார். கீழேயிருந்து நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மறைந்து கிடந்த மேடு பள்ளமெல்லாம், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நின்றன. நிழல் விழுந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டார். அந்த இடங்களில் மட்டும் ஜாயின்ட் காம்பவுண்டை (போர்டு இணைப்பில் பூசும் பசை மாவு) அகலமாக இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் இரண்டு கோட் அடித்தார். மேட் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடித்துவிடுவதால் சின்னச் சின்ன மேடுகள் கண்ணில் படுவதில்லை. பளபளப்பு இருந்தால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோல ஒரே பக்கமாகத் திரும்பும், குறை எல்லாம் வெளியே வந்துவிடும்.

இப்போது டிவிக்கு மேலே ஒரே ஓர் இடத்தில், தேடினால் லேசாகத் தெரியும். என் மச்சினர் வரும்போதெல்லாம் தேடுகிறார்.

தூரிகை, மதுரை:

அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பெயின்டிங் கான்ட்ராக்ட்தான். எல்லோரும் முதலில் கேட்பது எந்த கம்பெனி, லிட்டர் என்ன விலை என்று. நாங்கள் முதலில் பார்ப்பது சீலிங்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை. ஈரத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பாகவோ பழைய டிஸ்டம்பராகவோ இருக்கும். அதன்மேல் எவ்வளவு உசத்தியான எமல்ஷனை அடித்தாலும் அது மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டை அல்ல. ஒரு மழைக்காலம் போனால் அப்பளம் அப்பளமாக உரியும். ஒரு வீட்டில் பந்தி போட்டிருந்தபோது ஃபேன் காற்றுக்கு உரிந்து சாம்பார் வாளியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் தகடு வைத்துச் சுரண்டியே ஆகவேண்டும். அண்ணாந்து பார்த்துச் சுரண்டுவது கழுத்தை ஒடிக்கிற வேலை, கண்ணெல்லாம் தூசி. முடிந்தவரை அதைத் தவிர்க்கத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். கூலி பேசும்போதே சுரண்டலுக்குத் தனியாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய எனாமல் (ஆயில் பெயின்ட்) இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

பெயின்ட் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 12-க்கு 12 அறை என்றால் 144 சதுர அடி. இரண்டு கோட் எமல்ஷனுக்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை லிட்டர் பிடிக்கும். ஒரே லிட்டரில் முடித்தேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அவர் அடித்ததில் பாதி தண்ணீர். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்தால் தளம் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு அறை சீலிங்கை ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பாதியில் டீக்குப் போய்விட்டு வந்தால் விட்ட இடத்தில் கோடு நிற்கும். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைப் போட்டாலும் அதே கதிதான். கடைசி கோட் அடிக்கும்போது ரோலர் ஜன்னலை நோக்கி ஓட வேண்டும், குறுக்கே ஓடக் கூடாது.

காவேரிக்கரை:

எங்களுடையது கும்பகோணம் பக்கம் பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் மெலிசான செங்கலைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் கட்டிய தளம். முன் அறையில் குடியிருந்தவர் சுத்தமாக இருக்கட்டும் என்று செங்கலுக்கெல்லாம் ஆயில் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஓதம் சுண்ணாம்பு வழியாகக் கசிந்து கீழே வந்து காய்ந்துபோவதுதான் வழக்கம். பெயின்ட் வழியை அடைத்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே நசநசவென்று ஈரம், செங்கல் முகம் பொடிந்து வந்தது. பக்கத்து அறையில் அதே மழை, அதே தளம், வெறும் வெள்ளை மட்டும்தான் அடித்திருந்தோம். அங்கே ஒன்றும் ஆகவில்லை.

இப்போது எல்லா அறைக்கும் சுண்ணாம்புதான். நீற்றின சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பசைக்கு வச்சிரம் காய்ச்சி ஊற்றி, மஞ்சள் தட்டாமலிருக்க ஒரு சிட்டிகை நீலம். அடிக்கும்போது தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு இறுகின பிறகுதான் வெளுப்பு ஏறும். காரம் அதிகமாக இருப்பதால் பூஞ்சையும் சுலபமாக ஏறாது. அதே காரம் கண்ணில் சொட்டினால் ஆபத்து, அண்ணாந்து அடிப்பவருக்குக் கண்ணாடி மாட்டிவிடுங்கள். உத்திரத்துக்கு மட்டும் வெள்ளை வேண்டாம். தூசி துடைத்து ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாலே மரம் பளிச்சென்று இருக்கும்.

சமையல்கட்டு ராணி:

மேட் மேட் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், சமையலறைக்கு அது சரிப்படாது. எங்கள் வீட்டில் வாரா வாரம் பஜ்ஜி, அப்பளம். எண்ணெய்ப் புகை அடுப்புக்கு நேர் மேலே மஞ்சளாகப் படிகிறது. மேட் சீலிங்கை சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், அழுக்கு போனது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் வழவழவென்று மினுங்க ஆரம்பித்துவிட்டது, அழுக்கே தேவலை என்றாகிவிட்டது. அடுத்த முறை கழுவக்கூடிய, லேசான மினுமினுப்புள்ள எமல்ஷனைச் சமையலறைக்கு மட்டும் அடித்தோம். மாதம் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

பாத்ரூமில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை வந்தால் அதன்மேலேயே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், திரும்ப எட்டிப்பார்க்கும். பிளீச்சிங் கரைசலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட். ஆனால் அந்தப் பிளீச்சிங்கை பாத்ரூம் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும். என்னைக் கேட்டால் எந்தப் பெயின்டைவிடவும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் பூஞ்சைக்கு மருந்து.

கீழ்வீட்டுக்காரன்:

மேல்வீட்டு பாத்ரூம் கசிந்து எங்கள் படுக்கையறை சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம். கசிவைச் சரிசெய்துவிட்டார்கள், தளமும் காய்ந்துவிட்டது, ஆனால் எமல்ஷனை எத்தனை முறை அடித்தாலும் கறை மேலே ஊறி வருகிறது. கறை தண்ணீரில் கரையும், எமல்ஷனிலோ தண்ணீர்தான் இருக்கிறது. தின்னர் கலக்கிற ஆயில் பிரைமரை அந்த இடத்தில் மட்டும் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் எமல்ஷன் போட்டதும் நின்றது. சாமி அறையில் கற்பூரப் புகைக்கும் இதே வைத்தியம்தான்.

இன்னொன்று. பெயின்டர் குச்சியால் தட்டிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தது. கொத்திப் பார்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. துரு ஏறினால் கம்பி பருத்துக் காங்கிரீட்டைத் தள்ளிவிடும், அதற்குப் பெயின்ட் கடையில் மருந்து கிடையாது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அந்த இடத்துக்கு நேர் கீழேதான் கட்டில். இன்ஜினியரைக் கூப்பிட்டுத் துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, அடைத்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம்.

நெல்லைக்காரன்:

ஷேட் கார்டை சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு சீலிங்குக்கு நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். மேலே நேர் வெளிச்சம் குறைவு, அதே நிறம் சீலிங்கில் ஒரு படி மங்கலாகத் தெரியும். கடையில் அழகான ஐவரி, எங்கள் ஹால் சீலிங்கில் அழுக்கு வேட்டி. ஒரு அட்டையில் அடித்து, மேலே டேப் போட்டு ஒட்டி, ராத்திரி உங்கள் வீட்டு டியூப் லைட்டில் பாருங்கள்.

வேளச்சேரி வாசி:

தூரிகை அண்ணே, எங்கள் பாத்ரூமிலும் ஃபால்ஸ் சீலிங்தான், அதே கான்ட்ராக்டர் வேலை. அதற்கு என்ன அடிக்கலாம்?

தூரிகை, மதுரை:

பெயின்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு லைட்டைக் கழற்றி, ஓட்டை விளிம்பில் போர்டு பேப்பர் என்ன நிறம் என்று பாருங்கள் தம்பி. ஈரம் தாங்கும் போர்டுக்குப் பெரும்பாலும் பச்சை பேப்பர்தான் இருக்கும். பச்சை என்றால் பிரைமர் போட்டு, ராணி அக்கா சொன்ன பூஞ்சை எதிர்ப்பு பெயின்டை அடியுங்கள். சாதாரண போர்டு என்றால் அதற்குப் பெயின்ட் செலவு வேண்டாம், போர்டையே மாற்றிவிடுங்கள்.