ஜார்ஜ் டவுனில் கீழே சாப்பாட்டுக் கடை, மேலே 6 அறை: யாருக்கு என்ன கட்டணம்?

கேள்வி: புதுக்கடை_பினாங்கு

வணக்கம். லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு பழைய இரண்டு மாடிக் கடைவீடு வாடகைக்கு வருகிறது. மாதம் 4,200 வெள்ளி (ரிங்கிட்), மூன்று வருட ஒப்பந்தம். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே சுற்றுப்பயணிகளுக்கு 6 அறைகள் என்று நானும் என் மைத்துனரும் திட்டமிட்டிருக்கிறோம். அறை ஒரு இரவுக்கு 150 வெள்ளி.

எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு, மாநகர் மன்ற லைசன்ஸ், சேவை வரி, சுற்றுலா வரி, பினாங்கு ஹோட்டல் கட்டணம், சுக்காய் பிந்து (மன்றத்தின் கட்டட வரி) என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இதில் நாங்கள் கட்ட வேண்டியது எது, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்ட வேண்டியது எது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதது எது? எதை முதலில் செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: லைசன்ஸ்_வேலை

தம்பி, வரியைப் பிறகு பார்க்கலாம். முதல் கேள்வி, அந்த மேல்மாடியை விடுதியாக நடத்த அனுமதி இருக்கிறதா என்பதுதான். கீழே கடை நடந்த கட்டடம் என்பதால் மேலே அறை விடலாம் என்று ஆகிவிடாது. மேல்மாடி குடியிருப்பாகவோ கிடங்காகவோ பதிவில் இருந்தால், விடுதியாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் கெபெனாரான் மெரன்சாங் (திட்டமிடல் அனுமதி) வாங்க வேண்டும். மன்றத்தின் ஓஎஸ்சி பிரிவில் (திட்ட விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் பிரிவு), தகுதி பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது பிளானர் மூலம் வரைபடத்தோடு விண்ணப்பம் போகும். பொம்பாவின் (தீயணைப்புத் துறை) கருத்தும் அதில் கேட்கப்படும். மரப்படிக்கட்டு, மரத்தளம், ஒரே ஒரு வெளியேறும் வழி: பழைய கடைவீடுகள் இடறுவது இங்கேதான்.

அந்த இடம் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரிய வட்டாரத்துக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் 2016 செப்டம்பரில் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டமும் சேர்ந்துகொள்ளும். முகப்பு நிறம், ஐந்தடி நடைபாதை, சன்னல், பெயர்ப்பலகையின் அளவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கான்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

இது ஒத்துவந்த பிறகு செய்யும் வரிசை:

எஸ்எஸ்எம் பதிவு. கூட்டாளிகள் இருவரும் குடிமக்களாகவோ பிஆர் (நிரந்தர வாசி) அட்டை உள்ளவர்களாகவோ இருக்க வேண்டும். வணிகப் பெயரில் வருடத்துக்கு 60 வெள்ளி, ஒன்று முதல் ஐந்து வருடம் வரை ஒரே தடவையில் கட்டலாம். கிளை ஒவ்வொன்றுக்கும் வருடம் 5 வெள்ளி. எஸ்எஸ்எம்மின் இஸிபிஸ் இணையத் தளத்தில் நீங்களே செய்யலாம். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி இரண்டையும் தொழில் வகையில் ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு சேர்த்தால் மாற்றப் பாரமும் (படிவம்) 20 வெள்ளியும் தனி.

மன்ற லைசன்ஸ். உணவுக்கடைக்கு ஒன்று, தங்கும் விடுதிக்கு ஒன்று, பெயர்ப்பலகைக்கு ஒன்று. கட்டணம் தொழில் வகையையும் சதுர அளவையும் வைத்துக் கணக்காகும். அதனால் விண்ணப்பத்தில் போடும் அளவு வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். உணவுக்கடைக்கு எண்ணெய்ப் பொறி (கழிவுநீரில் எண்ணெயைத் தடுக்கும் தொட்டி) இருந்தே ஆக வேண்டும். சிங்க்குக்குக் கீழே இடம் விடாமல் கேபினட் அடித்துவிட்டு, அதிகாரி வந்து பார்க்கும்போது உடைக்க வேண்டியிருக்கும். 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவுப்படி மன்றம் காரணம் சொல்லாமலே லைசன்சை ரத்து செய்யலாம், அதற்கு நஷ்ட ஈடும் கிடையாது. நிபந்தனைத் தாளை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

பெயர்ப்பலகையில் தமிழ் தாராளமாக இருக்கலாம். ஆனால் மலாய் வாசகம் இருந்தாக வேண்டும், அதுதான் முன்னால் தெரிய வேண்டும். வாசகத்தை டேவான் பஹாசாவில் (அரசின் மலாய் மொழி அமைப்பு) சரிபார்த்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகு பலகை செய்யக் கொடுங்கள். முதலில் பலகை, பிறகு ஒப்புதல் என்று போனால் இரண்டு பலகைக்குக் காசு கொடுப்பீர்கள்.

சுகாதார அமைச்சின் உணவு வளாகப் பதிவு ஃபோசிம் இணையத் தளத்தில் இலவசம், மூன்று வருடம் செல்லும். இதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட் தன் கூலியைத்தான் கேட்கிறார். 2009 உணவுச் சுகாதார விதிகளின்படி பதியாமல் நடத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை. சமையல், பரிமாறல் ஆட்கள் எல்லாருக்கும் உணவுக் கையாளுநர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். ஊசி மூன்று வருடத்துக்கு ஒரு முறை.

பதில் 2: கணக்கு_மேசை

வரிப் பகுதியை நான் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே இருக்கும் பிரிவினைதான் சரி: உங்கள் பணம் எது, வாடிக்கையாளர் பணம் எது. இரண்டாவது வகையைக் கல்லாவில் கலந்தீர்களானால், கட்டும் நாளில் கையில் இருக்காது. அதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

சுற்றுலா வரி. 2017 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. குடிமக்களும் பிஆர் அட்டைதாரர்களும் தவிர மற்றவர்கள் அறைக்கு, இரவுக்கு 10 வெள்ளி. தலைக்கு அல்ல, அறைக்கு. நான்கு அறை வரை உள்ள இடங்களுக்கு விலக்கு உண்டு. உங்களுக்கு ஆறு என்பதால் சுங்கத்துறையில் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிடிஎக்ஸ்-03 பாரம், காலம் முடிந்த அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள். இங்கே வேலை பெர்மிட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர் வந்து தங்கினாலும் வரி உண்டு. பெர்மிட் என்பது பிஆர் ஆகாது. விலக்குக் கொடுத்த ஒவ்வொரு அறைக்கும் மைகார்டு (குடிமக்கள் அடையாள அட்டை) அல்லது பிஆர் அட்டை எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதாத விலக்கைத் தணிக்கையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தப் பத்து வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும்.

2023 ஜனவரி முதல், இணையத் தளம் வழியாகப் பணம் கட்டி வருபவர்களிடம் அந்தத் தளமே சுற்றுலா வரியை வாங்கியிருக்கலாம். புக்கிங் தாளில் சுற்றுலா வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு தடவை வாங்கியதாக வரும் சண்டைதான் முன்மேசையில் அதிகம்.

பினாங்கு ஹோட்டல் கட்டணம். இது கூட்டரசு வரி அல்ல, 2014 ஜூன் முதல் பினாங்கு உள்ளாட்சி வாங்குவது. மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் இரவுக்கு அறைக்கு 2 வெள்ளி, நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் 3 வெள்ளி. உங்களுக்கு 2 வெள்ளி. மலேசியரும் கட்ட வேண்டும். இது மாநகர் மன்றத்துக்குப் போகும், சுங்கத்துறைக்கு அல்ல. இரண்டையும் ஒரே வரியில் "டூரிஸம் டேக்ஸ் 12 வெள்ளி" என்று பில்லில் போடாதீர்கள், கணக்கு இரண்டு இடத்திலும் ஒத்துப்போகாது.

சேவை வரி. இங்கேதான் தேவையில்லாத பயம் அதிகம். தங்குமிடத்துக்குப் பதிய வேண்டிய விற்பனை வரம்பு 12 மாதத்தில் 500,000 வெள்ளி. உங்கள் ஆறு அறையும் வருடம் முழுக்க ஒரு நாள் காலியில்லாமல் ஓடினாலும் 6 × 150 × 365 = 328,500 வெள்ளிதான். வரம்பைத் தொடாது. உணவுக்கு வரம்பு 1.5 மில்லியன், அதாவது மாதம் 125,000, நாளுக்கு ஏறத்தாழ 4,100 வெள்ளி வியாபாரம். மதியச் சாப்பாடு நன்றாகப் போகும் கடைக்கு இது எட்ட முடியாத எண் அல்ல. இரண்டாவது கடை திறந்தால் அதே உரிமையாளரின் விற்பனை இரண்டும் கூட்டித்தான் பார்க்கப்படும்.

கணக்காண்டைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த மாதத்தையும் முந்தைய 11 மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். மே மாதத்தில் தாண்டினால் ஜூன் கடைசிக்குள் விண்ணப்பம், ஜூலை 1 முதல் வரி வாங்கத் தொடங்க வேண்டும். உணவுக்கு 6 சதவீதம். 2024 மார்ச்சில் பொது விகிதம் 8 ஆனபோது உணவு, பானம், தொலைத்தொடர்பு, கார் நிறுத்தம், லாஜிஸ்டிக்ஸ் 6-இலேயே நின்றன. அறைக்கு விகிதம் 8. பில் மெஷினில் இரண்டுக்கும் ஒரே விகிதத்தைப் பதித்துவிடும் ஆள் இருக்கிறார், கவனம்.

பதிந்த பிறகு எஸ்எஸ்டி-02 பாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வியாபாரம் இல்லாவிட்டாலும் பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும். தாமதமானால் முதல் 30 நாளுக்கு 10 சதவீதம், அடுத்த 30 நாளுக்கு இன்னும் 15, அதற்கடுத்த 30 நாளுக்கு இன்னும் 15. 6,000 வெள்ளி வரியை மூன்று மாதம் இழுத்தால் 2,400 வெள்ளி அபராதம்.

பதியாத கடை சேவை வரி என்று பில்லில் போட்டு வாங்குவது குற்றம். பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ் வேறு, அது கடை வைக்கும் கட்டணம், அரசாங்கத்துக்குப் போவதில்லை. வாங்குவதாக இருந்தால் மெனுவிலேயே போடுங்கள்.

பதில் 3: பட்டர்வொர்த்_வாசி

வாடகை ஒப்பந்தத்தை யாரும் தொடவில்லை. முத்திரைத் தீர்வை கையெழுத்திட்ட 30 நாளுக்குள். 2025 ஜனவரி முதல் பழைய 2,400 வெள்ளிக் கழிவு கிடையாது. வருட வாடகை 50,400. ஒவ்வொரு 250-க்கும், அதில் மிச்சம் இருக்கும் பகுதிக்கும் கணக்கு: 202 பங்கு. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை பங்குக்கு 3 வெள்ளி, ஆக 606. மூன்றுக்கு மேல் ஐந்து வருடம் வரை என்றால் பங்குக்கு 5, ஆக 1,010. நகல் ஒன்றுக்கு 10 வெள்ளி. கெடு தவறி மூன்று மாதத்துக்குள் கட்டினால் 10 சதவீதம் அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. அதற்கும் மேல் 20 சதவீதம் அல்லது 100. உங்கள் தொகைக்கு 60.60 அல்லது 121.20 வரும்.

சுக்காய் பிந்து பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி என்று வருடம் இரண்டு தடவை. கட்டட உரிமையாளர்தான் பொறுப்பு. ஆனால் மேல்மாடி குடியிருப்பிலிருந்து விடுதியானால் மன்றம் மறுமதிப்பீடு செய்யலாம். ஏறும் தொகையை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வீட்டுக்காரர் உங்கள் தலையில் கட்டுவார். சுக்காய் தானா (நில வரி) மாநில நில அலுவலகத்துக்கு, மே 31-க்குள். அதுவும் உரிமையாளருடையது.

2025 ஜூலை 1 முதல் வணிக வாடகைக்கும் சேவை வரி வந்திருக்கிறது. வீட்டுக்காரர் சுங்கத்துறையில் பதிந்தவராக இருந்தால் மட்டுமே அவர் வாங்கலாம். பதிவு எண் கேளுங்கள். சிறு வாடகைதாரருக்கு விற்பனை அளவை வைத்து விலக்கு உண்டு, நீங்கள்தான் காட்டிக் கேட்க வேண்டும். 4,200 என்பது வரி உட்பட்டதா இல்லையா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பதில் 4: கணக்கு_மேசை

பட்டர்வொர்த் நண்பர் சொன்னதோடு ஆட்கள் செலவையும் சேர்க்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர் லெவி சேவைத் துறைக்கு ஆளுக்கு வருடம் 1,850 வெள்ளி, முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உள்நாட்டு ஆட்கள் பத்துப் பேரானால் எச்ஆர்டி (ஆள்பயிற்சி நிதி) லெவி சம்பளத்தில் 1 சதவீதம். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) அடுத்த மாதம் 15-க்குள்.

கடையில் சினிமாப் பாட்டு போடுவதாக இருந்தால் பிபிஎம், எம்ஏசிபி என்ற இசை உரிமை அமைப்புகளின் பில் வரும். அது வரி அல்ல, 1987 காப்புரிமைச் சட்டத்தின்படி பொது இடத்தில் ஒலிபரப்பும் உரிமைக்கான கட்டணம். போன் செயலியில் மாதச் சந்தா கட்டியிருப்பது கடைக்குச் செல்லாது.

புதுக்கடை_பினாங்கு

அண்ணன்மார்களுக்கு நன்றி. ஒரே ஒரு சந்தேகம். வீட்டுக்காரர் இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். வேறு ஆள் காத்திருக்கிறாராம். மன்றத்தின் பதில் வருவதற்குள் எப்படிக் கையெழுத்திடுவது?

பதில் 5: லைசன்ஸ்_வேலை

முழு ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திடாதீர்கள், தம்பி. ஒரு பக்க ஆஃபர் கடிதமும் சிறிய முன்பணமும் போதும். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். மேல்மாடிக்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி கிடைத்தால்தான் வாடகை தொடங்கும். மன்றமோ பொம்பாவோ மறுத்தால் முன்பணம் முழுதும் திரும்ப வரும், எத்தனை நாளில் என்று தேதியோடு. விண்ணப்பத்துக்கு உரிமையாளரின் கையெழுத்தும் நிலப்பட்டா நகலும் உடனே தருவார், ஏனென்றால் அவை இல்லாமல் ஓஎஸ்சி ஏற்காது. ஆர்க்கிடெக்ட் செலவு யாருடையது.

இதற்கு ஒத்துவராதவர் என்றால், கீழ்மாடிக்கு மட்டும் வாடகை பேசுங்கள், மேல்மாடிக்கு முதல் உரிமை உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள். சாப்பாட்டுக் கடை லைசன்ஸ் தனியாகவே நடக்கும். அந்தக் கடிதத்தையும் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். முழு ஒப்பந்தம் எழுதும்போது மறக்காமல் தேதியைக் கையெழுத்திடும் நாளிலேயே போடுங்கள், முத்திரைத் தீர்வையின் 30 நாள் அன்றிலிருந்துதான் ஓடும்.