அப்டேட்: பிபிஓ (PPO, பாதுகாப்பு உத்தரவு) கிடைச்சிடுச்சு, தூக்கம்தான் இன்னும் வரல

போன தடவை எழுதியிருந்தேன்ல, வீட்டுக்காரர விட்டு வந்து சிங்கப்பூர் ஈசூன்ல நானும் மகளும் தனியா இருக்கோம், ஆனா ராத்திரி லிஃப்ட் எங்க மாடில நின்னாலே நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு. நிறைய பேர் அக்கறையா கேட்டீங்க, நன்றி.

பிபிஓ, அதான் வீட்டுக்காரர் எங்கள துன்புறுத்தக் கூடாதுன்னு கோர்ட் போடுற பாதுகாப்பு உத்தரவு, கிடைச்சிடுச்சு. கோர்ட்டுக்குத்தான் போகணும்னு இல்ல, பேவ் (PAVE) மாதிரி குடும்ப வன்முறைக்கு உதவுற நிலையத்துலேர்ந்தே விண்ணப்பிக்கலாம், ஆபத்து உடனடின்னா விசாரணைக்கு முன்னாடியே தற்காலிக உத்தரவும் கேக்கலாம். அத மீறினா குற்றம்.

ஆனா பேப்பர் கையில இருந்தா மட்டும் தூக்கம் வந்துடுமா? பூட்ட மாத்திட்டேன், கேட்டுக்கு தனி பூட்டு, இருந்தும் எதிர்வீட்டுக்காரர் சாவிக்கொத்த எடுக்குற சத்தம் கேட்டா போதும், எந்திரிச்சு கதவுல காத வச்சிட்டு நிப்பேன், கால் ஜில்லுன்னு ஆயிடும். என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வர்ற நேரம் அது, உடம்பு இன்னும் அதே கணக்குல இருக்குன்னு கவுன்சலர் சொன்னாங்க. "இன்னுமா பயப்படுற"ன்னு கேக்குற சொந்தக்காரங்கள விட அவங்க எவ்வளவோ மேல்.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார ஆண்ட்டி) "சத்தம் போடு, நான் வந்துடறேன்"னு சொல்லிட்டாங்க, அது பூட்ட விட தைரியமா இருக்கு.

இதே நிலைமைல யாராவது இருந்தா, வன்முறைக்கு எதிரான உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பாங்க, வாய் திறந்து பேச முடியாதப்ப போலீசுக்கு 70999க்கு எஸ்எம்எஸ் பண்ணலாம்.

கதவுல ஒட்டுற அலாரம் யாராச்சும் வச்சிருக்கீங்களா? மரக்கதவுக்கு எது சரியா வரும், சொல்லுங்க.