மூடிக்கிடக்கும் தொழிற்சாலை மனையில் அடுக்குமாடி கட்டலாமா?

கேள்வி: சென்னையில் 4,800 சதுர மீட்டர் மனை. ஷெட் பூட்டியே கிடக்கிறது. முன்னால் '40 அடி ரோடு'. வீடுகள் கட்ட என்ன வழி?

பதில் 1: முதலில் சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் நகரத் திட்டம்) உங்கள் சர்வே எண் எந்த மண்டலம் என்று பாருங்கள், உட்பிரிவு வாரியாக. ஒரே பட்டாவில் ஒரு துண்டு தொழில் மண்டலத்திலும் இன்னொன்று குடியிருப்பிலும் விழுவது உண்டு. தொழில் மண்டலம் என்றால் 1971 நகரமைப்புச் சட்டம் 32(4) பிரிவில் நில வகைப்பாட்டு மாற்றம் கேட்டு சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மனு போட வேண்டும். அது முடியாமல் வரைபடத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பதில் 2: ரோட்டை டேப் வைத்து அளங்க சார், தயவுசெய்து! 40 அடி என்பது 12.19 மீட்டர். எதிர்வீட்டுக் காம்பவுண்ட் ஓரடி வெளியே வந்திருந்தாலே 12க்குக் கீழே போய்விடும். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டர் உயரம் வரை அடிப்படை எஃப்எஸ்ஐ (மனையைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2, அதாவது 9,600 ச.மீ. பிரீமியம் எஃப்எஸ்ஐ (அடிப்படைக்கு மேல் பணம் கட்டி வாங்கும் கூடுதல் பரப்பு) 12 மீட்டர் ரோட்டுக்கு 40%, 9 முதல் 12க்குள் 30%தான். வித்தியாசம் 960 ச.மீ., ஏறக்குறைய பத்து வீடு.

பதில் 3: ஓஎஸ்ஆரை (பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டிய நிலம்) மறக்காதீர்கள். 3,000 ச.மீ. தாண்டியதால் 10%, உங்களுக்கு 480. 10,000க்குள் என்பதால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட இடமுண்டு. ஆனால் அந்தப் பகுதியில் பூங்கா இல்லையென்றால் நிலமாகவே கொடுங்கள். குழந்தைகளுக்கு விளையாட இடம் வேண்டுமே.

பதில் 2 (மீண்டும்): ஷெட்டில் எண்ணெய் கசிந்த கறுப்பு மண் இருந்தால் அஸ்திவாரத்துக்கு முன்பே மண் பரிசோதனை செய்துவிடுங்கள். கிணறு தோண்டிய பிறகு தெரிந்தால் தாமதம்.