சின்ன ஹோட்டல்கள் மூடாமல் இருக்க, சாப்பிடப் போகிற நாம் என்ன செய்யலாம்?

காட்பாடிவாசி:
எங்கள் தெருவில் கணவனும் மனைவியுமாக ஒரு மெஸ் நடத்துகிறார்கள். மத்தியானச் சாப்பாடும் மீன் குழம்பும் அவ்வளவு நன்றாக இருக்கும். பக்கத்திலேயே ஏசி போட்ட பெரிய கடை வந்ததிலிருந்து கூட்டம் குறைந்துவிட்டது. அடிக்கடி போய்ச் சாப்பிடுவது சரி, அதைத் தவிர வாடிக்கையாளராக நாம் எப்படி நடந்துகொண்டால் இந்த மாதிரிக் கடைகளுக்கு நிஜமாகவே உதவும்?

ஆம்பூர்_சீரகச்சம்பா:
எங்கள் மாமா ஆம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார், அதனால் சொல்கிறேன். ஆள் நிறைய வருவதாக இருந்தால் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லுங்கள். பிரியாணி என்பது தோசை மாதிரி வந்தபின் ஊற்றித் தருகிற பொருள் இல்லை. அரிசியை வடித்து, மசாலாக் கறியோடு சேர்த்து, தேக்சாவை மூடித் தம் போட்டுவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு மணிக்கு இருபது பேர் வந்து நின்றால் ஒன்று அவர்களுக்கு இருக்காது, அல்லது வழக்கமாக வருகிறவருக்கு இருக்காது. தீர்ந்துவிட்டது என்றால் கல்லாவில் இருப்பவரிடம் சண்டை போடாதீர்கள், மீந்ததை மறுநாள் சூடுபண்ணித் தராத கடை என்று அர்த்தம். இதைவிடக் கொடுமை, பத்துப் பார்சல் சொல்லிவிட்டு வராமல் போவதும் போனை எடுக்காமல் இருப்பதும். வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள். அப்புறம் கத்திரிக்காய்த் தொக்கை இரண்டு முறை கேட்டு வாங்கி இலையிலேயே விட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காந்திரோடு:
வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துக் கடைகளில் மத்தியானம் ஒன்று முதல் இரண்டரை மணி வரை நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வந்தவர்கள், அடுத்த டெஸ்ட்டுக்குள் சாப்பிட்டுப் போகவேண்டும் என்று கையில் ஃபைலோடு காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் கை கழுவி வந்த பிறகும் டேபிளிலேயே உட்கார்ந்து போன் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. சின்னக் கடைக்கு ஒரு நாள் வியாபாரமே அந்த ஒன்றரை மணி நேரம்தான். சாப்பிட்டதும் எழுந்திருங்கள். சப்ளையரை "ஏய்" என்று கூப்பிடாமல் அண்ணே, தம்பி என்று கூப்பிடுங்கள், இப்போது ஆள் கிடைப்பதே பெரும்பாடு.

கணக்குப்பிள்ளை:
முடிந்தால் டெலிவரி ஆப்பில் ஆர்டர் போடாமல் நேரில் போய் வாங்குங்கள். பில்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஆப்புக்காரர்களுக்குக் கமிஷனாகப் போகிற கடைகள் உண்டு. வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நம் பில்லில் 5 சதவீதம் போடுகிற சாதாரண ஹோட்டல், சிலிண்டருக்குக் கட்டிய வரியை, அரசுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் சாப்பாடு பத்து ரூபாய் ஏறினால் உடனே கொள்ளை என்று எழுதிவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி_வாசகன்:
எல்லாம் சரி, ஆனால் பாவம் என்று வாயை மூடிக்கொண்டு வருவதும் உதவி இல்லை. குழம்பில் உப்புக் கூடியிருந்தால் எழுந்து போய்க் கல்லாவிலோ மாஸ்டரிடமோ மெதுவாகச் சொல்லுங்கள், அடுத்த பந்திக்குள் சரிசெய்ய முடியும். அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு ஸ்டார் போட்டால் யாருக்கு லாபம்? நன்றாக இருந்தால் எது நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லி ரிவ்யூ எழுதுங்கள், போட்டோவும் போடுங்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் போகிறார்கள்.

காட்பாடிவாசி:
நன்றி. அந்த மெஸ்ஸுக்கு கூகுள் மேப்பில் பெயரே இல்லை, அவர்களிடம் கேட்டுவிட்டு இன்றைக்கே சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் போகிறோம், முன்தினமே சொல்லி முன்பணமும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், எவ்வளவு கொடுப்பது வழக்கம்?

ஆம்பூர்_சீரகச்சம்பா:
பாதி கொடுங்கள். மீன் வாங்கக் காலையில் கையில் காசு இருக்கும்.