பொருள்: தேக்க உணரியா, வான் உணரியா?

கிளிநொச்சி, அறிவியல் நகர்:

எல்லோருக்கும் வணக்கம். தன்னியக்கப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். உதாரணத்துக்கு எடுத்தது அலுமினியப் பேணி செய்யும் தொழிற்சாலை. நிமிடத்துக்கு 2,000 பேணிக்கு மேல் ஓடும் வரிசைகள் அங்கே உண்டு. இயந்திரத்துக்குள் போகிற பக்கம் பேணிகள் நெருங்கி நின்றால் அது விரைவாக ஓடும், ஐதானால் மெதுவாகும். வெளியேறுகிற பக்கம் நிறைந்துவிட்டால் மெதுவாகி, பிறகு நின்றுவிடும். இதைக் கண்டு சொல்ல இயந்திரத்தின் இரண்டு பக்கமும், பேணிகளைக் கொண்டுபோகிற கொன்வேயரில், சென்சர் இருக்கிறது. உள்பக்கத்துக்கு 'வரத்து உணரி', வெளிப்பக்கத்துக்கு 'தேக்க உணரி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

வவுனியா:

பிள்ளை, முதலில் 'கொன்வேயர்' வேண்டாம். இன்றைக்கும் நாங்கள் சுமையைக் காவுகிறோம். காவடியும் அந்த வேர்தான். புறநானூற்றில் ஔவை, 'காவினெம் கலனே' என்கிறார். அங்கே கலன் யாழ் முதலியன. ஆனால் கலன் என்றால் பாத்திரமும்தானே! கலனைக் காவுகிற பட்டி 'காவுபட்டி'. அப்புறம் 'உணரி'. உணர்தல் மனத்தின் வேலை, இரும்புக்கு ஏது மனம்? தொல்காப்பியர் மரபியலில் 'உற்றறிவது' என்கிறார். 'உற்றறி' என்று வையுங்கள்.

புதுக்குடியிருப்பு (இப்போது வெளிநாட்டில்):

ஐயா, உற்றறிதல் தொட்டு அறிதல். இது பேணியைத் தொடவே தொடாது. நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். தூண்டல் வகைச் சென்சரின் சுருள் தன் முன்னால் மின்காந்தப் புலம் ஒன்றை விரிக்கும். உலோகம் கிட்ட வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, புலத்தின் சக்தியை இழுக்கும். அந்த இழப்பை வைத்துத்தான் பேணி வந்தது தெரிகிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாவிட்டாலும் இதற்குத் தெரியும். ஆனால் சாதாரண வகை, உருக்குக்கு எட்டும் தூரத்தில் பாதிகூட அலுமினியத்துக்கு எட்டாது, நெருக்கிப் பூட்டவேண்டும். ஒளி வகையோ பேணியின் பளபளப்பில் ஏமாறும்.

இன்னொன்று. சென்சருக்குத் தேக்கம் தெரியாது. முன்னால் பேணி இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். குறித்த நேரத்துக்கு மேல் விலகாமல் இருந்தால் தேக்கம் என்று முடிவு செய்வது, இயந்திரத்தை ஓட்டி நிறுத்துகிற கட்டுப்படுத்தி. இரண்டு பக்கமும் ஒரே சென்சர்தான், பூட்டிய இடம்தான் வேறு. அதனால் பெயரை இடத்துக்கு வைப்பதே நேர்மை: 'வரத்துமுனை', 'தேக்கமுனை'.

முத்தையன்கட்டு:

அக்கா, குளம் நிறைந்தால் வான் (மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்) பாயும் என்பது எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 'வான் உணரி' என்றால் ஒரு சொல்லில் விளங்கிவிடும்.

கிளிநொச்சி:

தம்பி, எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் வான் பாய்ந்தால் மிச்சத் தண்ணீர் வெளியே போய்விடும். இங்கே பேணி வெளியே கொட்டக் கூடாது, பின்னால் இருக்கிற இயந்திரம் நிற்கவேண்டும். அது வானைவிடத் துருசை (மதகை) பூட்டுவதற்குக் கிட்ட வரும். பிள்ளை 'வான்' என்று படித்துவிட்டுப் பேணியை வெளியே விடுகிற மாதிரி சுற்று வரைந்தால் என்ன செய்வது?

வவுனியா:

'வேகக் கட்டுப்பாடு' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாடநூலில் திசை இல்லாதது கதி, திசையோடு சேர்ந்தது வேகம். தமிழ்நாட்டில்தான் அதை வேகம், திசைவேகம் என்பார்கள். கதி, வேகம் இரண்டுமே வடசொல் என்பதால் 'விரைவு' என்பதே என் வாக்கு.

முத்தையன்கட்டு:

கதி என்றவுடன் இங்கே அகதிதான் ஞாபகம் வரும், ஐயா. ஆனாலும் பரீட்சைத் தாளில் கதி என்றுதான் வரும். பிள்ளைகளின் புள்ளியில் நாங்கள் கை வைக்கக் கூடாது.

கிளிநொச்சி:

சரி, நேரமில்லை. வரத்து உணரி, தேக்க உணரி, கதி என்றே அனுப்புகிறேன். உணரி பேணியை மட்டுமே காணும், முடிவு கட்டுப்படுத்தியுடையது என்று ஒரு பந்தி சேர்த்துவிட்டேன். கொன்வேயர் இம்முறை அப்படியே இருக்கட்டும்.

வவுனியா:

'உணரி'க்கு நான் உடன்படவில்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காவுபட்டியை அடுத்த பதிப்பில் கேட்பேன். 'கா' என்ற வேரைப் பற்றி நாளைக்குத் தனியாக எழுதுகிறேன்.